தறியும் அரங்கும்

கிரேக்க நாட்டுப் பர்னாசஸ் மலைச்சரிவில், டெல்பி சிற்றூரின் அருகே, கல்லால் அமைந்த தொன்மையான திறந்தவெளி அரங்கு ஒன்று உண்டு. 1927-ஆம் ஆண்டில் கவிஞர் சிக்கெலியானோசும் அவர்தம் அமெரிக்கத் துணைவியார் ஏவா பால்மரும் அங்கே ஏஸ்கிலஸின் 'கட்டுண்ட புரொமித்தியஸ்' நாடகத்தை அரங்கேற்றினர்.

இம்முயற்சியின் சிறப்பு யாது? பழமையைத் தூசி தட்டிக் காட்டியதில் அன்று. நாடக ஆடைகளை ஏவா தம் கைத்தறியில் நெய்தார். பாடற்குழுவின் அசைவுகளைப் பழங்கால மட்கல ஓவியங்களிலிருந்து கற்றார். பைசாந்தியத் திருச்சபை இசையில் வல்லவரான பிசாக்கோஸ் பண் அமைத்தார். ஏஸ்கிலஸ் கேட்ட இசை இதுவே என எவரும் சாதிக்க இயலாது. ஆயினும், மறைந்துபோன இசையைக் கற்பனையால் புனைவதினும், ஆலயத்தில் மக்கள் நாவில் வாழும் இசையை நாடியது நேரிய துணிவே.

குறையும் உண்டு. விழாவில் கிராமியக் கைவினைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. செலவுச் சுமையோ பெரிதும் ஏவாவின் செல்வத்தின் மீதே விழுந்தது. 1930-இல் நடந்த இரண்டாம் விழாவோடு அச்செல்வம் கரைந்தது. அவர்கள் கண்ட விழாவும் நின்றது. 1933-இல் அமெரிக்கா சென்ற ஏவா 1952-இல்தான் திரும்பினார். அவ்வாண்டே மறைந்து டெல்பி மண்ணில் அடக்கமானார்.

ஒருவரின் அன்பு மரபை எழுப்பலாம். அதனைத் தலைமுறைதோறும் சுமக்க ஊரே தோள் கொடுக்க வேண்டும். டெல்பியின் வெற்றியும் தோல்வியும் உணர்த்தும் உண்மை இதுவே.