பேக்கரின் பண்ணை: ஒரு குடியேற்ற நூலின் பார்வை

சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நிறுவிய பண்ணையினும் அதனைப் பற்றி 1855இல் அவர் வெளியிட்ட 'இலங்கையில் எட்டாண்டு அலைவுகள்' என்னும் நூலே பெரும்புகழ் பெற்றது. ஏக்கர் இருபது சிலிங் வீதம் அரசிடம் நிலம் வாங்கி, 1848 செப்டெம்பரில் இலண்டனிலிருந்து கப்பலேற்றிய குடியேறிகள், மரமரியும் பொறி, டர்ஹம் பசு, மூவினச் செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள் ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்தும் பகுதி ஒரு சிற்றூரையே பெயர்த்தெடுத்து வந்த பெருமிதத்தோடு ஒலிக்கின்றது. பின்னர் நிகழ்ந்ததோ வேறு. பசு மலையேறுமுன் மாண்டது. வண்டி பள்ளத்தில் உருண்டது. உருளைக்கிழங்கைப் புழுவும் ஓட்ஸ் பயிரை மரையும் பன்றியும் அழித்தன. தோல்வியை மறையாது கூறும் இப்பக்கங்களே நூலின் சிறந்த பக்கங்கள்.

எனினும் அந்த நகைச்சுவை யாரைக் கொண்டு பிறக்கின்றது என்பது நோக்கற்பாலது. குதிரைக்காரன் பேர்க்ஸ் விபத்தைப் பற்றி எழுதிய கடிதத்தை அதன் எழுத்துப் பிழைகளுடனேயே பேக்கர் தருகின்றார். ஏழை ஆங்கிலேயனுக்குக் கேலிக்குரிய ஒரு குரலாவது கிடைத்தது. காட்டை வெட்டி வெளியாக்கிய உள்ளூர்த் தொழிலாளருக்கு அதுவுமில்லை. அந்த வெளியில் முன்னோர் மணிக்கல் தேடித் தோண்டிய குழிகளைக் கண்டு எழுதுபவரும் அவரே. ஆயினும் நிலத்தின் வரலாறு தம் வருகையுடன் தொடங்குவதுபோன்ற தொனியை அவர் கைவிடவில்லை.

கிழக்கிலங்கை வாசகனுக்கு இக்குறை இன்னும் உறைக்கும். பேக்கரின் முன்னைய வேட்டை நூலில் இப்பகுதிச் சோனகர் யானை பிடிப்பதில் வல்லவராக வியந்து போற்றப்படுகின்றனர். உழவராக அவர்கள் அவர் மனத்திற் பதியவில்லை. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே கல்முனை, சம்மாந்துறைப் பகுதிகளில் நெல் விளைந்தது. போடியாரும் முல்லைக்காரனும் வட்டவிதானையும் சேர்ந்த ஒழுங்கொன்று அங்கே இருந்தது. அவ்வுழவர் வயலோரத்தில் வேய்ந்த வாடி, போகம் முடியக் கலைந்துவிடும் ஓலைக்குடில், கல்லாற் கட்டியதன்று. நிலைத்து நிற்கும் வீட்டையே குடியிருப்பின் சான்றாகக் கொள்ளும் கண்ணுக்கு, வாடி கலைந்த வயல் ஆளில்லாத வெளியாகவே தோன்றும்.