யாருடைய மரப்பாச்சி, யாருடைய பார்பி?

பொம்மையைப் பற்றி எழுத ஒரு தலித் பத்திரிகையில் இடம் எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். வன்கொடுமை தீராத நாட்டில் பொம்மை ஒரு பிரச்சினையா? பிரச்சினைதான். சாதியைப் பிள்ளை முதலில் படிப்பது புத்தகத்தில் அல்ல. தெருவில், விளையாட்டில், யார் ராணி, யார் வேலைக்காரி என்று பிரித்துக்கொள்கிற இடத்தில்தான் படிக்கிறது.

பார்பியைக் கண்டித்துத் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் ஒரே ராகத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரப் பொம்மை வந்தது, நம்ம மரப்பாச்சி போனது, பண்பாடு கெட்டது. இந்த ‘நம்ம’ என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி யார் வீட்டில் இருந்தது? கல்யாணச் சீரோடு வந்து, நவராத்திரிக்குப் பட்டு சுற்றிக்கொண்டு, கொலுப்படியில் சோடியாக நின்றது. கொலு வைக்கப் படி வேண்டும். படி வைக்கக் கூடம் வேண்டும். ஆயக்குடியில் எங்க தெருவில் கூடம் வைத்த வீடு எது இருந்தது, கொலு வைக்க? அந்தக் கொலுவும் ஒரு சாதிப்படிதானே. மேலே சாமிகள், நடுவில் மகான்கள், கீழே மளிகைச் சாமானோடு செட்டியார், ஓரத்தில் வேடிக்கைக்குக் குறவன் குறத்தி. செருப்புத் தைக்கிறவரையும் பறை அடிக்கிறவரையும் நான் பார்த்த எந்தக் கொலுவிலும் பார்த்ததில்லை.

எம்.ஏ. வகுப்பில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவத்தை மனப்பாடம் செய்தோம். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அத்தனையும் விளையாட்டு. யாருடைய விளையாட்டு? கடவுளுடையது, அரசனுடையது, பெரிய மனிதர்களுடையது. களையெடுக்கிற தாய்க்குப் பின்னால் வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் பருவமே கிடையாது. கைக்குழந்தையாக இருந்தது, அப்புறம் கூலியானது. அவ்வளவுதான்.

எங்களுக்குப் பொம்மையே இல்லை என்று சொல்லவில்லை. குளத்துக் களிமண் இருந்தது, நுங்கு வண்டி இருந்தது, கொட்டாங்குச்சிச் செப்பு இருந்தது, கிழிஞ்ச சேலையைச் சுருட்டிய துணிப்பிள்ளை இருந்தது. அந்தத் துணிப்பிள்ளைக்கு மூக்கும் முழியும் கிடையாது. அதனால் அது அழகா, அசிங்கமா என்ற கேள்வியும் எழவில்லை. ஆனால் இதையும் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். பாமா ‘கருக்கு’வில் (1992) தன் தெருப் பிள்ளைகளின் விளையாட்டுகளைச் சொல்கிறார். ஒரு பிள்ளை நாய்க்கராகும், மற்றதுகள் பண்ணையாளாகும். பொம்மைகூட இல்லாமல், வெறும் உடம்பை வைத்தே சாதியை விளையாடியிருக்கிறோம்.

இனி பார்பி. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தையில் மேட்டல் கம்பெனி இறக்கியது. உருவாக்கியவர் ரூத் ஹேண்ட்லர். அதற்கு முன்மாதிரி ஜெர்மனியின் லில்லி பொம்மை. பத்திரிகைக் கேலிச்சித்திரத்திலிருந்து பிறந்து, பெரிய ஆம்பளைகளுக்காகப் புகையிலைக் கடையில் விற்றது. அதன் உடம்பைத்தான் சிறுபிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். அந்த இடுப்பும் மார்பும் நிசப் பெண்ணுக்கு அமைய லட்சத்தில் ஒருத்திக்குக்கூட வாய்ப்பில்லை என்று 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். உயரம், குள்ளம், பூசின உடம்பு என்று பார்பிக்கு வேறு உடல்கள் கிடைத்தது 2016இல்தான். 1980களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தபோது அதற்குச் சேலை கட்டினார்கள், பொட்டு வைத்தார்கள். தோலையும் முகத்தையும் மாற்றத் தேவைப்படவில்லை. 1975இலேயே ஃபேர் அண்ட் லவ்லி வந்து நிலத்தை உழுது வைத்திருந்தது. அந்தக் களிம்பு 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

அசல் பார்பி எங்க தெருவுக்கு வரவில்லை. நகல் வந்தது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனி அடிவாரத்தில் விரிக்கிற கடைகளில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். உள்ளே கூடு, காலைத் தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். மஞ்சள் முடி, நீலக் கண். கொய்யாத் தோப்புக்குப் பறிக்கப் போய், சந்தையில் கூடை சுமந்து கொண்டுவந்த காசில் ஆத்தாக்காரி மகளுக்கு அதை வாங்கித் தருகிறாள். தையல் கடை வெட்டுத்துணியில் பிள்ளைகள் அதற்குச் சேலை கட்டுகிறார்கள். எங்க தெருவில் திண்ணையோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பொம்மைக்குப் பெயர் ‘டீச்சர்’. கை ஒடிஞ்ச கறுத்த ரப்பர் பொம்மைக்குப் பெயர் ‘வேலைக்காரி’. “டீச்சர் வராங்க, எந்திரிச்சு நில்லுடி” என்கிறது பிள்ளை. இப்படிப் பேர் வை என்று யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்வதைத்தான் கருத்தியல் என்கிறோம்.

பள்ளிக்கூடமும் இதையே செய்கிறது. நான் படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பாரதமாதா வேசம் போடச் சிவந்த பிள்ளையைத் தேடுவார்கள். எங்களுக்கு அரக்கி வேசம், இல்லாட்டி பெஞ்சு தூக்குகிற வேலை. தலை சீவாத பிள்ளையை எந்தச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவார்கள் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பெண்ணியத் தோழிகள் ‘கறுப்பே அழகு’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பத்தவில்லை. அமெரிக்காவில் 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்புப் பிள்ளைகள் முன்னால் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்துக் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்ல பொம்மை என்றார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் சொன்னபோது இந்த ஆய்வையும் சுட்டியது. 1968இல் கறுப்புப் பொம்மை பார்பியின் ‘தோழி’யாக மட்டும் வந்தது. பார்பி என்ற பேரையே சுமந்த கறுப்புப் பொம்மை 1980இல் வந்தது. வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண். இந்த வரலாற்றை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அப்படியே நகலெடுக்க முடியாது. சாதி தோலில் இல்லை. எங்க தெருவில் சிவந்தவர்கள் உண்டு, ஊர்த்தெருவில் கறுத்தவர்கள் உண்டு. சிவந்த தலித் பெண்ணைப் பார்த்து “உங்க ஆளு மாதிரியே தெரியலையே” என்கிறார்களே, அந்தப் பாராட்டுக்குள் இருக்கிற செருப்படியை எந்தக் கறுப்புப் பொம்மையும் சரிக்கட்டாது. 2024 தீபாவளிக்கு அனிதா டோங்ரே வடிவமைத்த இந்தியப் பார்பி வந்தது. லெஹங்காவோடு வருகிற அந்த ‘இந்தியா’வில் சேரி எங்கே?

அதற்காக, பொம்மைக்குச் சிங்காரிப்பதே அடிமைப்புத்தி என்று இடதுசாரித் தோழர்கள் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். பெண்கள் பொன்னும் வெள்ளியும் போடக் கூடாது. ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறினவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள். அதற்கு மூன்று வருசம் முன்னால், 1927 டிசம்பரில், மகாத்தில் அம்பேத்கர் நம் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிற நகைகளைக் கழற்றுங்கள், சேலையை மற்றவர்களைப் போல நல்லபடி கட்டுங்கள் என்றார். உடுப்பு நமக்கு ஆடம்பரமில்லை. உடுத்தியதற்காக அடிபட்டிருக்கிறோம். எங்க தெருப் பிள்ளை பொம்மைக்கு ரவிக்கை தைக்கிறபோது, பாட்டிக்கு மறுக்கப்பட்டதைத்தான் தைக்கிறாள். அந்தக் கையை நான் தட்டிவிட மாட்டேன்.

ஆக, பிள்ளை அலங்காரம் செய்வதில் எனக்குக் குறையில்லை. எந்த உடம்பு அலங்காரத்துக்கு உரியது, எந்த உடம்பு வேலைக்கு உரியது என்ற பங்கீடுதான் குற்றம். மரப்பாச்சியின் கொலுப்படி இந்தப் பங்கீட்டைச் சாமி பேரால் செய்தது. பார்பி சந்தையின் பேரால் செய்கிறது. மரப்பாச்சியை மீட்போம் என்பதும் தலித் பார்பி கேட்போம் என்பதும் நமக்கு வழியில்லை. பிள்ளை விளையாடும்போது கூட உட்கார வேண்டும். “டீச்சர் ஏன் எப்பவும் வெள்ளைப் பொம்மை? கொய்யா பறிக்கிறவ டீச்சர் ஆகக் கூடாதா? டீச்சர் கொஞ்ச நேரம் கூடை தூக்கட்டுமே” என்று கேட்டுவைக்க வேண்டும். மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள் இதைச் செய்யலாம். தங்கள் தெருப் பிள்ளைகள் யாருக்கு என்ன வேசம் கொடுக்கிறார்கள் என்று எழுதி அனுப்பலாம். நம் சனங்களின் பிள்ளைப்பருவத்தை எந்தப் பிள்ளைத்தமிழும் பாடி வைக்கவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.