‘நாட்பட்ட’ என்றொரு சொல்

உம்மாவின் கிளினிக் கொப்பியை ஒருநாள் புரட்டிக்கொண்டிருந்தேன். அவரது இருமலைப் பற்றி டொக்டர் ‘குரோனிக்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். “என்ன மகன் எழுதிக் கிடக்கு?” என்று உம்மா கேட்டார். “நாட்பட்ட இருமலாம்” என்றேன். அவரது முகம் வாடிவிட்டது. “அப்ப இது தீராதா?” என்றார்.

அவருக்கு நான் சொன்ன விளக்கத்தை இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், அண்மையில் ஒரு போட்டிக்கு வந்த சிறுகதைகளை வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. புத்தளத்து அகதி முகாம்களைக் களமாகக் கொண்டவை ஏழு. அவற்றுள் ஐந்தில் ‘நாட்பட்ட நோய்போல் எங்கள் அகதி வாழ்வு’ என்ற கருத்து ஏதோவொரு வடிவில் வந்திருந்தது. உம்மாவுக்கு நேர்ந்த அதே மயக்கம் நமது எழுத்தாளர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

‘குரோனிக்’ என்பது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘குரோனோஸ்’ வழிவந்தது. வைத்தியத்தில் அதற்குள்ள பொருள் நாட்கணக்கு மட்டுமே. வளர்ந்தவர்களின் இருமல் 8 வாரங்களைக் கடந்தால் நாட்பட்டது. ஈரல் அழற்சிக்கு 6 மாதங்கள். சிறுநீரகப் பாதிப்புக்கு 3 மாதங்கள். அது கடுமையானது என்றோ, தீராதது என்றோ அச்சொல் கூறுவதில்லை. அதற்கு எதிரான ‘அக்யூட்’ என்பதும் அப்படித்தான். திடீரெனத் தொடங்கிச் சில நாட்களில் முடியும் சாதாரணத் தடிமனும் ‘அக்யூட்’ வகையைச் சேர்ந்ததே.

வைத்தியசாலையை விட்டு வெளியே வந்ததும் அச்சொல்லின் போக்கு மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘குரோனிக்’ பொய்யன் என்றால் பொய்யே சுபாவமாகிப் போனவன். பிரித்தானியப் பேச்சு வழக்கில் அது ‘படுமோசம்’ என்ற பொருளையும் பெற்றுவிட்டது. நாட்கணக்கைச் சொன்ன சொல் ஆளின் குணத்தைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. நோய் எப்போது வந்தது, எதனால் வந்தது என்ற கேள்விகள் போய், ‘இவன் இப்படித்தான்’ என்ற தீர்ப்பு வந்துவிட்டது.

அந்த ஐந்து கதைகளின் குறையும் இதுவே. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணிநேர அவகாசத்தில் நடந்தது. எருக்கலம்பிட்டி மக்கள் தோணிகளில் கடல்வழியே கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தனர். திகதி உண்டு, செய்தவர் உண்டு, கட்டளை உண்டு. இந்தக் கதைகளிலோ அவை எதுவுமில்லை. கிடுகுக் குடிசை, தண்ணீர் வரிசை, நிவாரண அரிசி, வயோதிபரின் பெருமூச்சு ஆகியவைதாம் இருக்கின்றன. வாசித்து முடிக்கும்போது, அகதி நிலை அம்மக்களின் உடம்போடு பிறந்த வியாதி போலத் தோன்றுகிறது. ‘இவர்கள் நிவாரணத்துக்குப் பழகிப்போனவர்கள்’ என்று வெளியே சொல்லப்பட்ட பழிக்கு நமது கதையே சாட்சி சொல்வதாகிவிடுகிறது.

வைத்தியம் இப்படிக் காரணத்தைக் கைவிடுவதில்லை. வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். அதன் காரணம் பிடிபடாதபோது, ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள். நாமோ தெரிந்த காரணத்தை எழுதாமல் விடுகிறோம்.

நோயை உருவகமாக்கவே கூடாது என்ற வாதமும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் ஓர் உருவகம்’ என்ற நூலில், நோயாளியின் மேல் நமது அச்சங்களையும் தீர்ப்புகளையும் சுமத்துவதைக் கண்டித்தார். அவரது கோபம் நியாயமானது. ஆனால் உருவகத்தை முற்றாக விலக்க நம்மால் இயலாது. ‘உள்ளத்தின் நோய்’ என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வழக்கு. இமாம் கஸ்ஸாலி அதைக் கையாண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். பொறாமை, பெருமை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி, பரிகாரமும் சொல்கிறார். உருவகம் அங்கே வைத்தியத்தை முழுமையாகப் பின்பற்றுகிறது.

நமது பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்த ‘புரையோடிப்போன இனப்பிரச்சினை’ என்ற தொடரும் நல்லதோர் உருவகமாக இருந்ததுதான். கற்பிட்டிக் களப்பில் இறங்கும் தொழிலாளிக்கு அதன் நேர்ப்பொருள் தெரியும். திருக்கை முள் காலில் குத்தி ஒரு துண்டு உள்ளே முறிந்துவிட்டால், மேல்தோல் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் வழி தேடி ஓடும். அதுதான் புரை. மருந்து கட்டிப் பயனில்லை. கீறி, முள்ளை எடுக்க வேண்டும். ஆகவே, புரையோடியது என்று சொல்பவன் உள்ளே ஒரு முள் இருக்கிறது என்றும் சொல்கிறான். அச்சொல்லை ஆயிரம் தடவை எழுதிய நாம் அந்த முள்ளை மறந்துபோனோம்.

ஏழில் ஒரு கதை மாத்திரம் என்னை நிறுத்தி வைத்தது. அதில் நோய் என்ற சொல்லே இல்லை. ஆலங்குடா முகாமில் ஒரு மூதாட்டி, தோணியில் ஏறிய நாளையும், கரையில் விட்டுவரச் சொன்ன பொருட்களையும், சொன்னவனின் வயதையும் பேத்திக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். பேத்தி பாடசாலைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறாள். வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் அந்தத் துன்பத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது வாசகனுக்குத் தெரிகிறது. தொடங்கிய ஒன்று முடியவும் கூடும் என்ற எண்ணம் அங்கிருந்தே பிறக்கிறது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பிப் போனார்கள். பலர் புத்தளத்திலேயே வேரூன்றினார்கள். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டதால், நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆங்கிலத்தில் வரலாற்றுப் பதிவைக் குறிக்கும் ‘குரோனிக்கிள்’ என்ற சொல்லும் அதே ‘குரோனோஸ்’ வேரிலிருந்து வந்ததுதான். நமக்கும் ‘நாட்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘நாட்குறிப்பு’ இருக்கிறது. முன்னதை எழுதப் போகும் இளம் எழுத்தாளர்கள், பின்னதை முதலில் எழுதிவிட்டு வரட்டும்.

உம்மாவின் இருமல் அடுப்புப் புகையால் வந்தது என்று பிறகு டொக்டர் சொன்னார். அடுப்பை வெளியே மாற்றினோம். இப்போது குறைந்திருக்கிறது.