விலங்கொடித்த பாட்டும் விலங்கு பூட்டிய பக்தியும்

அரசர்களின் வரலாற்றை அறிய ஏடுகள் ஆயிரம் உண்டு. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்த வரலாற்றை அறிய, அவர்கள் பாடிய பாட்டைத்தான் கேட்க வேண்டும். ஜமைக்கா தீவின் ரெகே இசை அத்தகைய பாட்டு. அதனை உலகின் செவிக்கு எடுத்துச் சென்ற பாப் மார்லியைப் பாராட்டுவோர் பலர், ஆராய்வோர் சிலர். பாராட்டவும் வேண்டும், ஆராயவும் வேண்டும் என்பது நம் கருத்து.

1945 பிப்ரவரி 6ஆம் நாள், செயின்ட் ஆன் வட்டாரத்தைச் சேர்ந்த நைன் மைல் எனும் சிற்றூரில் பிறந்தவர் மார்லி. தாய், பதினெட்டு வயதுக் கருப்பினப் பெண். தந்தை வெள்ளையர், பெயரைத் தந்தார், பிள்ளையை வளர்த்தாரில்லை. வெள்ளையர் அந்தச் சிறுவனைக் கருப்பன் என்று ஒதுக்கினர். கருப்பரிலும் சிலர் கலப்பு என்று நகைத்தனர். பிறப்பை அளவுகோலாக்கி மனிதனை அளக்கும் மடமை, எந்தக் கடலுக்கு அப்பால் சென்றாலும் ஒரே முகத்தோடுதான் நிற்கிறது!

பிழைப்புத் தேடித் தாயும் மகனும் தலைநகர் கிங்ஸ்டன் சேர்ந்தனர். ட்ரெஞ்ச் டவுன் எனும் ஏழையர் குடியிருப்பு அவருக்குப் பள்ளியாயிற்று. வெல்டிங் பட்டறையில் தொழில் பழகிய அந்த இளைஞர், ஜமைக்கா விடுதலை பெற்ற 1962ஆம் ஆண்டிலேயே தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். மறு ஆண்டு பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் ஆகிய தோழர்களோடு குழு அமைத்தார். முரட்டு இளைஞர்களை அடங்கச் சொல்லும் அவர்கள் பாட்டு 1964இல் தீவெங்கும் முழங்கிற்று. ஆயினும் தட்டு விற்றவர் செழித்தார். பாடியவருக்குக் கிடைத்ததோ சொற்பம். 1966இல் மார்லி அமெரிக்கா சென்று தொழிற்சாலையில் உழைக்க நேர்ந்தது. பாட்டாளி என்ற சொல்லுக்கு இருபொருளிலும் உரியவர் அவர்!

1973இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட இசைத்தொகுப்பு கடல்கடந்த புகழுக்கு வாயில் திறந்தது. 1975இல் லண்டன் லைசியம் அரங்கம் அதிர்ந்தது. 1976 டிசம்பர் 3ஆம் நாள் கிங்ஸ்டனில் அவர் இல்லத்தில் புகுந்த கயவர்கள் சுட்டனர். காயம்பட்ட கையோடு இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார்.

அந்தப் பாட்டின் ஆற்றல் எதில் இருந்தது? முதலாவது, மொழியில். ஆண்டவனும் ஆள்பவனும் பேசுவதாகக் கருதப்பட்ட உயர்ந்தோர் ஆங்கிலத்தை ஒதுக்கி, சந்தையிலும் சந்திலும் வழங்கும் ஜமைக்கா மக்கள் மொழியை மேடையேற்றினார். இரண்டாவது, தாளத்தில். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே கிட்டார் வெட்டி ஒலிக்க, அடிக்குரல் நரம்பு நிலத்தடி நீர்போல் ஓடும். விரைந்தோடாத இசை, ஆதலால் சொல் செவியில் தங்கும். மூன்றாவது, துணிவில். வெள்ளை ஆதிக்கம் வீழாதிருந்த 1979இலேயே ஜிம்பாப்வே மக்களின் போராட்டத்தைப் பாடினார். 1980 ஏப்ரலில் அந்நாடு விடுதலை பெற்ற விழாவில் அவர் குரலே ஒலித்தது.

இத்தகையவரிடம் நாம் காணும் குறை யாது? கடவுள்!

1930இல் எத்தியோப்பியாவில் முடிசூடிய ஹெய்லி செலாசியை ராஸ்தஃபாரியர் தெய்வமென்றனர். மார்லியும் அவ்வாறே நம்பினார். யார் இந்தத் தெய்வம்? நாட்டில் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1942 வரை காலம் எடுத்துக்கொண்ட மன்னர். வொல்லோ மாநிலத்து மக்கள் 1973இல் பஞ்சத்தால் மடிந்தபோது அரண்மனையில் வீற்றிருந்தவர். 1974இல் படையினர் அவரை இறக்கினர். 1975இல் காவலில் மாண்டார். தெய்வம் மாண்டதென்று பக்தர் ஒப்புவரா? தெய்வம் வாழ்கிறது என்று அவ்வாண்டே பாட்டு வெளியிட்டார் மார்லி!

வியப்பு இதனினும் பெரிது. ராஸ்தஃபாரியர் தீர்க்கதரிசியாகப் போற்றும் மார்க்கஸ் கார்வி, மார்லி பிறந்த அதே வட்டாரத்தில் தோன்றியவர். அந்தக் கார்வியே 1937இல் செலாசியின் ஆட்சியைக் கடுமையாகச் சாடி எழுதினார். உள்ளத்தின் தளையை அவரவரே அறுக்க வேண்டுமென அவ்வாண்டு அவர் ஆற்றிய உரையின் கருத்தைத்தான், 1980இல் மார்லி ஒற்றைக் கிட்டாரோடு பாடினார். மன அடிமைத்தனத்தைக் கண்டித்த அந்த வாய், மன்னரை வணங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

காரணம் நமக்கு விளங்காமலில்லை. ஆண்டைகளின் கோயிலில் வெள்ளைக் கடவுளையே கண்டு குமைந்த மக்கள், தம் நிறத்தில் ஒரு கடவுளைத் தேடினர். அவமானத்துக்கு அவர்கள் கண்ட மருந்து அது. ஆனால் பூட்டுக்கு வேறு வண்ணம் பூசினால் கதவு திறக்குமா? தன்மானத்தின் பெயரால் தொடங்கிய தேடல், ஒரு மன்னன் காலடியில் முடிவதா?

இன்னொன்றும் கூறுவோம். அதே செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் நிறவெறியைக் கண்டித்துப் பேசினார். அப்பேச்சையே 1976இல் மார்லி பாட்டாக்கினார். நல்ல கருத்தை எவர் சொன்னாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளச் சொன்னவரைத் தொழவேண்டியதில்லை. அந்தப் பாட்டுக்குச் செலாசி தெய்வமாயிருக்கத் தேவையே இல்லை. காரணம் கூறி, நியாயம் கேட்டு நிற்கும் பாட்டு அது. மார்லியின் கலை பகுத்தறிவோடு கைகோத்த இடமும் அதுவே.

புற்றுநோய் அவரை 1981 மே 11ஆம் நாள், 36ஆம் வயதில் கொண்டுபோயிற்று. 2018இல் யுனெஸ்கோ ரெகே இசையை மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. மார்லியின் படமோ சட்டை சட்டையாக விற்பனையாகிறது. மன்னரைத் தெய்வமாக்கிய பாடகரை, இன்று உலகம் தெய்வமாக்குகிறது. சினம் நீக்கி, சிரிப்பை மட்டும் அச்சடித்து விற்கிறது!

இளைஞர்களே, படத்தை அணிவது எளிது; பாட்டின் பொருளை உணர்வதே அரிது. அந்தக் குரலில் உள்ள விடுதலை வேட்கையைப் பெறுவோம். அதன் பக்தியை விட்டொழிப்போம். மார்லி பாடிய கடமையை மார்லியிடமே தொடங்குவோம்: வணங்காமல் கேட்போம்!