துயரத்துக்கு எடை போடுகிறவர்கள்

டெத்-டூம் மெட்டல் கேட்கிறவர்கள் ஓர் ஆல்பத்தைப் புகழும்போது, அது தங்களை எவ்வளவு தூரம் படுத்தியது என்றுதான் சொல்வார்கள். தூக்கம் போயிற்று, நெஞ்சு கனத்தது, ரயிலில் கேட்டுக்கொண்டே போய் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன் – இவையெல்லாம் பாராட்டு. குறை சொல்லும்போது பேச்சு நேர்மாறாகிவிடும்: இனிமையாகத்தான் இருக்கிறது, மெட்டெல்லாம் மனசில் நிற்கிறது, ஆனால் எடை இல்லை. இனிமை ஒரு குற்றச்சாட்டாகப் புழங்கும் வேறோர் இசை மரபை நான் அறியேன். இம்மலருக்காக இந்த மரபைப் பற்றி எழுதக் கேட்டபோது, குழுக்களின் பெயர்களை அடுக்குவதைவிட அந்த எடைக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே உபயோகம் என்று பட்டது.

மூலம் பர்மிங்காம். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப்பழக்கக்காரர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். விரலுக்கு நோவு குறைந்தது, இசைக்குக் கனம் கூடியது. பிறகு ஸ்டாக்ஹோமின் கேண்டில்மாஸ் 1986இல் அந்த மந்தகதியை ஒரு தனி ஒழுங்காகவே வகுத்தது. அதே சமயத்தில் ஃபுளோரிடாவில் ‘டெத்’ முதலான குழுக்கள் வேகத்தையும் உறுமல் குரலையும் வளர்த்துக்கொண்டிருந்தன. ஒன்று தவழ்ந்தது, மற்றது பாய்ந்தது. இரண்டையும் ஒரே பாட்டுக்குள் உட்கார வைத்தது வட இங்கிலாந்து.

1987இல் மேற்கு யார்க்‌ஷயரின் டியூஸ்பரி ஊரில் பீஸ்வில் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. ஹாலிஃபாக்ஸிலிருந்து பாரடைஸ் லாஸ்ட், பிராட்ஃபோர்டிலிருந்து மை டையிங் பிரைட், லிவர்பூலிலிருந்து அனதீமா என்று மூன்று இளைஞர் குழுக்கள் அடுத்தடுத்து அதில் சேர்ந்தன. ‘பீஸ்வில் மூவர்’ என்றே இன்றும் பெயர். கம்பளி ஆலைகள் மூடிக்கொண்டிருந்த வட்டாரம் அது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஆலை மூடியதால் இசை பிறந்தது என்று முடிச்சுப் போடுவது கொஞ்சம் சோம்பேறித்தனம். அதே தெருக்களிலிருந்து துள்ளாட்டப் பாட்டும்தான் வந்தது.

1991இல் வந்த பாரடைஸ் லாஸ்டின் ‘கோதிக்’ ஆல்பத்தைக் கேட்டால் புதுமை எது என்பது தெரியும். கிரெகர் மெக்கின்டாஷின் கிட்டார், பாட்டின் நடுவே எழுந்து தன் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்டு அமர்வதில்லை. முதல் அடியிலிருந்தே மேல்ஸ்தாயியில் ஒற்றைத் தந்தி புலம்பிக்கொண்டு கூடவே வரும். நிக் ஹோம்ஸ் கீழே உறுமுகிறார், மேலே அந்தத் தந்திதான் பாடுகிறது. பிற்பாடு இம்மரபில் வந்த குழு எதுவானாலும் இந்த ஏற்பாட்டுக்குக் கடன்பட்டது.

மை டையிங் பிரைட் வேறு வழி போனது. மார்ட்டின் பவலின் வயலினைக் குழுவின் உறுப்பாகவே சேர்த்துக்கொண்டது. 1993இன் ‘டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் பியானோ, வயலின், பேச்சுக்குரல் என்று நகர்பவை. நடுவிலுள்ளவை நீளமானவை, இடிந்து விழுபவை. பாடகர் ஏரன் ஸ்டெய்ன்தார்ப்பின் துயரம் மேடைத் துயரம். பழைய ஆங்கிலக் கவிதையின் உடையை உடுத்தி, மண்டியிட்டு, முகத்தை மூடிக்கொண்டு வருவது. அதைப் பொய் என்று எந்த ரசிகரும் சொன்னதில்லை. கூத்தில் அழுகிறவரிடம் வீட்டில் என்ன கஷ்டம் என்று யாரும் விசாரிப்பதில்லை அல்லவா? இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு சிக்கலுக்கு இது தேவைப்படும்.

மூவருமே தொண்ணூறுகளின் பின்பாதியில் உறுமலைக் கைவிட்டார்கள். அனதீமா திரும்பவே இல்லை. பாரடைஸ் லாஸ்ட் 1999இல் ‘ஹோஸ்ட்’ என்று மின்னணுப் பாப் சாயலில் ஓர் ஆல்பம் போட்டு, பாதி ரசிகர்களின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டது. மை டையிங் பிரைட்டும் 1998இல் ஒரு சோதனை செய்து சூடுபட்டு, அடுத்த ஆண்டே உறுமலோடு வீடு திரும்பியது. பாரடைஸ் லாஸ்டுக்கு அந்த வீடு திரும்பல் 2015இன் ‘தி பிளேக் விதின்’ வரை தள்ளிப்போயிற்று. எடை போடும் வழக்கம் ரசிகர்களிடம் கெட்டிப்பட்டது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. விட்டுப்போனவர்களைப் பார்த்துத்தான் எதை விடக்கூடாது என்ற சட்டம் எழுதப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அன்று தூற்றப்பட்ட ‘ஹோஸ்ட்’டை இன்று பலர் விரும்பிக் கேட்கிறார்கள். அந்தப் பெயரிலேயே ஹோம்ஸும் மெக்கின்டாஷும் 2023இல் தனிக்குழுவாக ஓர் ஆல்பமும் கொண்டுவந்தார்கள்.

பின்லாந்துப் பள்ளி இரண்டு கிளை. ஒன்று மந்தகதியின் எல்லைக்கே போனது. தெர்கோதன் 1994இலும் ஸ்கெப்டிசிசம் 1995இலும் தந்த முதல் ஆல்பங்கள், சவ ஊர்வலத்தின் நடைவேகத்தில் செல்லும் ‘ஃபியூனரல் டூம்’ வகைக்கு அடித்தளம். ஸ்கெப்டிசிசத்தில் பாஸ் கிட்டாரே கிடையாது, அந்த இடத்தை ஆர்கன் நிரப்புகிறது. 2015இல் ‘ஆர்டீல்’ ஆல்பத்தின் புதிய பாடல்களை ஸ்டுடியோவில் அல்லாமல், துர்க்கு நகரில் பார்வையாளர் முன்னிலையில் வாசித்தே பதிவு செய்தார்கள். திருத்த இடமில்லாத பதிவு, இவ்வளவு மெதுவான இசைக்கு! மெதுவாக வாசிப்பது எளிது என்று நினைப்பவர் ஒரு தடவை தாளம் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு அடிகளுக்கு இடையே இருக்கும் வெளியில் கை தானாக ஓடத் துடிக்கும்.

மற்றக் கிளை மெட்டின் பக்கம் சாய்ந்தது. அமார்ஃபிஸ் 1994இல் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்’ ஆல்பத்துக்கு வரிகள், எலியாஸ் லொன்ரோட் தொகுத்த ‘கலேவலா’ காப்பியத்திலிருந்து எடுத்தவை. அதில் மிகவும் பேர்பெற்ற பாட்டின் மூலம், பிறந்த வீட்டைவிட்டுப் போகும் மணப்பெண்ணின் புலம்பல். அதை ஒரு கரகரத்த ஆண் குரல் உறுமுகிறது, நடுவே பழைய சிந்தசைசர் ஒன்று குழந்தைத்தனமாகக் கொஞ்சுகிறது. சொன்னால் நம்பமுடியாத சேர்க்கை, கேட்டால் விடமுடியாதது. கிழக்கே யோயென்சு நகரின் இன்சோம்னியம் இக்கிளையை வேகப்படுத்தியது. அவர்களின் 2016 ஆல்பமான ‘விண்டர்ஸ் கேட்’ நாற்பது நிமிட ஒரே பாட்டு.

ஸ்வீடனில் கடடோனியாவின் 1996 ஆல்பம் ‘பிரேவ் மர்டர் டே’ ஒரு விபத்தின் விளைவு. யோனாஸ் ரென்க்சேயின் தொண்டை உறுமலுக்குத் தாங்காமல் போக, ஓபெத் குழுவின் மிகேல் ஓகெர்ஃபெல்ட் வந்து உறுமிக் கொடுத்தார். ரிஃப் எனும் கிட்டார்த் துணுக்கு ஒன்றைப் பிடித்தால் அது தேய்ந்து மெலியும்வரை விடாமல் சுழற்றுவது இவர்களின் பாணி. ஏற்றமும் இல்லை, உச்சக்கட்டமும் இல்லை. இரண்டு ஆண்டில் உறுமலையே விட்டுவிட்டு மெல்லிய குரலுக்கு மாறினார்கள். ஆனால் இந்தக் குழுவை மட்டும் ரசிகர்கள் பெரிதாக ஏசவில்லை. குரல் மாறியும் சோர்வு மாறவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆண் உறுமல், பெண் இன்குரல் என்ற இரட்டைக்கு டிரகோனியன், டென்மார்க்கில் சாடர்னஸ், அமெரிக்காவில் டேலைட் டைஸ் என்று மற்றவர்களைப் பெயரோடு விடுகிறேன். யாரும் தள்ளத்தக்கவர்கள் அல்ல, பள்ளி தொடங்கியவர்களும் அல்ல.

இனி, ரசிகர்களின் தராசை ஓர் ஆல்பத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். பின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் 2000இல் யூஹா ரைவியோ தொடங்கிய ஸ்வாலோ தி சன், மேலே சொன்ன எல்லாப் பள்ளிகளிலும் பாடம் கேட்ட குழு. 2015இல் மூன்று தட்டுகளாக ‘சாங்ஸ் ஃப்ரம் தி நார்த்’ போட்டார்கள். முதல் தட்டில் வழக்கமான கலவை, இரண்டாவதில் உறுமலே இல்லாத மென்பாட்டு, மூன்றாவதில் ஃபியூனரல் டூம். தங்கள் மரபைத் தாங்களே பகுத்துக் காட்டிய பாடப்புத்தகம் என்று அதைச் சொல்லலாம். அதில் விருந்தினராகப் பாடியவர் ஆலியா ஸ்டான்பிரிட்ஜ், ரைவியோவின் வாழ்க்கைத் துணை. 2016 ஏப்ரலில் புற்றுநோயால் காலமானார். இருவரும் சேர்ந்து நடத்திய ட்ரீஸ் ஆஃப் எடர்னிட்டி குழுவின் ஆல்பம் அவர் மறைவுக்குப் பிறகே வெளிவந்தது. அவர் விட்டுச்சென்ற கவிதைகளைக்கொண்டு 2017இல் ஹல்லாடர் என்ற பெயரில் ரைவியோ ஓர் ஆல்பம் செய்தார். அமார்ஃபிஸின் டோமி யௌட்சென் அதில் பாடினார். 2019 ஜனவரியில் ஸ்வாலோ தி சன்னின் ‘வென் எ ஷேடோ இஸ் ஃபோர்ஸ்டு இன்டு தி லைட்’ வந்தது. எட்டுப் பாட்டுகள், ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல்.

கருத்துகள் பிளந்தன. குழு தந்தவற்றிலேயே இதுதான் சிகரம் என்றார்கள் ஒரு சாரார். நரம்பிசைக் கருவிகளும் பாடகர் மிக்கோ கோடமகியின் தெளிந்த பாட்டும் இதற்குமுன் இவ்வளவு பொருந்தியதில்லை என்பது அவர்கள் கட்சி. முதல் ஆல்பத்தின் கரடுமுரட்டுக்குப் பழகியவர்களோ, பாட்டுக்குப் பாட்டு அதே நடுத்தர வேகம், அதே நீளம், பல்லவி வரும் இடம்கூட முன்கூட்டியே தெரிகிறது என்று சலித்துக்கொண்டார்கள். மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, எனக்குப் பிடித்த தரப்பு. ஆல்பம் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்பவர்கள்.

அந்தத் தயக்கம் இம்மரபுக்குப் புதிது. யார்க்‌ஷயர் காலத்தில் துயரம் ஒரு வேஷம். வேஷம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டது என்பதே கேள்வி. இங்கே பாடுபொருளான சாவு உண்மையில் நடந்த சாவு, எல்லோருக்கும் தெரிந்த சாவு. வரலாறு தெரிந்தவர் ஆல்பத்தில் கேட்கிற கனத்தில் எவ்வளவு ஒலியில் இருக்கிறது, எவ்வளவு அவர் கொண்டுவந்தது? இழவு வீட்டுக்குப் போனவர் ஒப்பாரியின் சுருதியைக் குறை சொல்லமாட்டார். விலை கொடுத்து வாங்கிக் கேட்கிற தட்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்பதே என் நிலை. ரைவியோவும் அந்தச் சலுகையை எங்கேயும் கேட்கவில்லை. இத்தனை அக்கறையோடு செதுக்கியிருப்பதே செய்நேர்த்தியைப் பாருங்கள் என்பதற்கு அடையாளம்.

அப்படிப் பார்த்தால், சலித்துக்கொண்டவர்கள் சொன்னதில் பாதி நியாயம். இம்மரபில் இனிமை என்பது புளிக்குழம்பில் போடும் வெல்லம். சின்னத் துண்டு புளிப்பை எடுத்துக் காட்டும், கூடிப்போனால் குழம்பு எதுவென்றே தெரியாது. ‘ஸ்டோன் விங்ஸ்’ பாட்டில் அளவு சரி. தெளிந்த குரல் தயங்கித் தயங்கி வந்து, உறுமல் எழும்போது அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆல்பத்தின் பின்பாதியில் அந்தக் காரணம் சில இடங்களில் பழக்கமாகிவிடுகிறது. உறுமலின் வேலை கோபத்தைக் காட்டுவது மட்டுமல்ல. சொற்களை மங்க வைத்து, துக்கத்தில் இருப்பவரின் முகத்தை நம்மிடமிருந்து மறைப்பதும் அதன் வேலை. எல்லாப் பாட்டிலும் முகம் தெரிந்துவிட்டால், மறைந்திருந்தது வெளிப்படும் அந்தக் கணத்துக்கு மதிப்பு குறைகிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இதே ஆல்பத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2018 டிசம்பரில், ‘லூமினா ஆரியா’ என்ற நீண்ட ஒற்றைப் பாட்டைத் தனித் தட்டாக விட்டிருந்தார்கள். வார்ட்ரூனா குழுவின் ஐனர் செல்விக் அதில் குரல் கொடுத்தார். ஆறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லாத, கேட்கவே சிரமமான துண்டு அது. முழுக் கசப்பையும் அங்கே வடித்து வைத்துவிட்டுத்தான் ஆல்பத்தை மென்மையாக்கியிருக்கிறார் ரைவியோ. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு எடை பற்றிய புகார் எழாது. வாங்குபவர் கையில் இரண்டும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்ததுதான் குறை. முடிவெடுத்தவர் நான் என்றால் அதை ஆல்பத்தின் ஐந்தாம் பாட்டாக வைத்திருப்பேன். விற்பனை குறைந்திருக்கும்.

2024 அக்டோபரில் வந்த ‘ஷைனிங்’ ஆல்பத்தோடு அதே வழக்கு மறுபடி நீதிமன்றம் ஏறியது. ஒலிப்பதிவு பளபளப்பு, பல்லவிகள் வானொலிக்கு ஏற்ற நீளம், உறுமல் சொற்பம். டூம் மெட்டலே இல்லை என்று ஒரு கூட்டம் கதவைச் சாத்தியது. இருபது ஆண்டுக்கு மேல் இருட்டில் இருந்தவர் சன்னலைத் திறந்தால் உங்களுக்கென்ன என்று இன்னொரு கூட்டம் கேட்டது. ‘ஹோஸ்ட்’டுக்குக் கிடைத்த பின்னாள் மன்னிப்பு இதற்கும் கிடைக்கலாம்.

புதிதாகக் கேட்க வருகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ‘கோதிக்’, அந்த ஒற்றைத் தந்தி காதில் ஏறுவதற்காக. பிறகு ‘டேல்ஸ் ஃப்ரம் தி தவுசண்ட் லேக்ஸ்’. அதன்பின் ‘டர்ன் லூஸ் தி ஸ்வான்ஸ்’, அதை ஒரே மூச்சில். ஸ்கெப்டிசிசத்தை அவசரமில்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 2019 ஆல்பத்தை அதன் வரலாறு தெரியாத ஒருவருக்கு முதலில் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு நீங்கள் கேளுங்கள். ‘ஷைனிங்’ கடைசியில் இருக்கட்டும். முதலில் அதைக் கேட்டவர்களுக்கு மற்றவை காட்டுக்கத்தலாகத் தெரிவதை நண்பர் வட்டத்தில் பார்த்திருக்கிறேன்.