அழிக்கப்பட்ட இரண்டு எழுத்துகள்

நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் பனிமலைகளைக் கண்டு மகிழ்ந்து பழகியவர்கள் நாம். அம்மலைகள் உண்மையிலேயே அவ்வாறுதான் நிற்கின்றனவா என்று நாம் கேட்பதில்லை. அழகு கண்ணை நிறைத்துவிட்டால் கேள்விக்கு இடமில்லாமற் போகிறது. அக்கேள்வியை எழுப்பும் ஒரு படத்தை இங்கே சற்று ஊன்றிப் பார்ப்போம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902-1984), கலிபோர்னியாவின் லோன் பைன் என்னும் ஊரருகே 1944ஆம் ஆண்டு எடுத்த 'குளிர்காலச் சூரிய உதயம்' என்ற கறுப்பு வெள்ளைப் படமே அது. மேலே, காலைக் கதிர் பட்டு ஒளிரும் சியரா நெவாடாவின் பனிச் சிகரங்கள். நடுவே கரிய நிழலில் மூழ்கிய குன்றுகள். கீழே, சிறிது வெயில் விழுந்த புல்வெளியில் மேயும் ஒற்றைக் குதிரை. நெடுநேரம் முதுகைக் காட்டியே நின்ற அக்குதிரை, கடைசி நேரத்தில்தான் பக்கவாட்டில் திரும்பியதாம். கடுங்குளிரில் காத்திருந்த பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது.

ஆனால், அங்கே இருந்தும் படத்தில் இல்லாத ஒன்று உண்டு. அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள், ஊர்ப் பெயரின் முதலெழுத்துகளான 'எல்', 'பி' என்னும் இரண்டையும் வெள்ளையடித்த கற்களால் குன்றின் சரிவில் பெரிதாகப் பதித்திருந்தனர். ஆடம்ஸ் அவற்றை நெகட்டிவிலேயே இயன்றவரை அழித்தார். எஞ்சிய தடத்தை அச்சுப்படியில் மை தொட்டு மறைத்தார்.

இதைக் குறைகூறியவர்கள் உண்டு. அவர்களோடு நாம் முழுவதும் உடன்பட இயலவில்லை. 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது, இதே கலைஞர் முதலில் மஞ்சள் ஃபில்டரைப் பொருத்தினார். வானம் வெளிறிவிடும் என்றுணர்ந்ததும், எஞ்சியிருந்த ஒரே தகட்டில் அடர்சிவப்பு ஃபில்டர் கொண்டு எடுத்தார். நீல வானம் ஏறத்தாழக் கறுத்துப்போயிற்று. கண் கண்டதைவிட, பாறையின் முன் நின்ற உள்ளம் உணர்ந்ததே அப்படத்தில் பதிந்தது. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சிடுவதை அதை இசைத்துக் காட்டுவதற்கும் ஒப்பிட்டவர் அவர். இருட்டறையில் ஓரிடத்தில் ஒளியைக் குறைத்து ஓரிடத்தில் கூட்டுவதைப் பொய் என்று சொன்னால், பாடகரின் மனோதர்மத்தையும் பொய் என்றே சொல்ல வேண்டும்.

எழுத்துகளை அழித்ததையும் அவர் ஒளிக்கவில்லை. 1983இல் வெளிவந்த தம் நூலில் தாமே அதைச் சொல்லிவிட்டார். வெளிப்படையாக ஒப்புக்கொண்ட திருத்தம் நம்மை ஏமாற்றுவதில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. லோன் பைனுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில், அதே மலைகளின் அடிவாரத்தில், மான்சனார் முகாம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டின் ஆணையைத் தொடர்ந்து, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். மான்சனாரில் மட்டும் ஒரே சமயத்தில் 10,000 பேருக்குமேல் அடைபட்டிருந்தனர். அங்கே சென்ற ஆடம்ஸ், அம்மக்களின் முகங்களைப் பரிவோடு படமெடுத்து, 1944இல் நூலாகவும் வெளியிட்டார். ஆயினும், காவல் கோபுரங்களையும் முள்வேலியையும் படமெடுக்க அதிகாரிகள் தடைவிதித்திருந்தனர். அவ்வாண்டு மான்சனாரிலிருந்து அவர் எடுத்த வில்லியம்சன் மலைப் படத்தில் பெரும் பாறைகளும், முகில் பிளந்து இறங்கும் ஒளியும் உண்டு. முகாமின் சுவடே இல்லை.

அதே முகாமில் அடைபட்டிருந்த புகைப்படக் கலைஞர் டோயோ மியாடாகே, மறைத்துக் கொண்டுவந்த லென்ஸை மரப்பெட்டியில் பொருத்திக் கேமரா செய்துகொண்டவர். முள்வேலிக்குப் பின்னே மூன்று சிறுவர்கள் நிற்பதை அவர் எடுத்த படத்தில் காவல் கோபுரமும் தெரிகிறது. அமெரிக்க அரசு இவ்வநீதிக்காக மன்னிப்புக் கேட்டது 1988இல்தான்.

இரண்டு எழுத்துகளை மறைத்த கையை நாம் கண்டுகொள்ளலாம். கேமராவை வேலிக்கு அப்பால் திருப்பிய பார்வையையோ, எந்த நெகட்டிவை ஆராய்ந்தும் கண்டறிய முடியாது. எனவே, எதைத் திருத்தினார்கள் என்பதோடு, எதைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பதையும் கேட்பதே மலைப்படங்களைப் பார்க்கும் முறை என்போம்.

இன்று கைபேசியில் விரல் தொட்டதும் மின்கம்பியும் குடிசையும் வழிப்போக்கரும் மறைந்துபோகின்றனர். ஆடம்ஸின் சிகரங்கள் நம் சுவரில் தொங்கட்டும். அவற்றின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களையும் நினைத்தே அவற்றை நோக்குவோம்.