விண்வெளிக் கதைகளும் புதிய சமயங்களும்

அறிவியல் புனைகதையிலிருந்து சமய நம்பிக்கை பிறப்பது பறக்கும் தட்டுகளின் காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. எட்வர்ட் புல்வர் லிட்டன் 1871இல் தம் பெயரைப் போடாமல் ஒரு நாவலை வெளியிட்டார். நிலத்தடியில் வாழும் மேம்பட்ட இனம் ஒன்று ‘வ்ரில்’ என்ற ஆற்றலால் நோயைத் தீர்க்கவும் நகரங்களை அழிக்கவும் வல்லதாக அதில் வருகிறது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி இதைக் கதையென்று ஒதுக்கவில்லை. பெயர் கற்பனையாக இருக்கலாம், அந்த ஆற்றல் உண்மையானது என்று அவர் எழுதினார். 1882இல் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு வந்தது. சபையைச் சேர்ந்த அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதி 1913இல் அடையாற்றில் அச்சான நூல், வெள்ளிக் கோளிலிருந்து வந்த தலைவர்கள் மனித இனத்தின் வளர்ச்சியைத் தூண்டியதாகச் சொல்கிறது. 1947இல் அமெரிக்காவில் பறக்கும் தட்டுச் செய்திகள் பரவியபோது, கோள்களிலிருந்து இறங்கிவரும் ஞானாசிரியர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்கு ஊர்தி மட்டுமே தேவைப்பட்டது. 1950களின் நடுவில் லண்டனில் ஜார்ஜ் கிங் தொடங்கிய ஏதீரியஸ் சங்கத்தில் வெள்ளிக் கோளின் ஆசான்கள் விண்கலங்களோடு வந்தார்கள்.

இத்தகைய சமயங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது சயன்டாலஜி. அதை நிறுவிய எல். ரான் ஹப்பர்ட் மலிவுத்தாள் இதழ்களில் கதை எழுதிப் பிழைத்தவர். அவருடைய ‘டயனெடிக்ஸ்’ உளச்சிகிச்சை முறை, 1950 மே மாதம் ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இதழில் கட்டுரையாக வெளிவந்தது. இதழாசிரியர் ஜான் கேம்பல் அதை உற்சாகமாக ஆதரித்தார், எழுத்தாளர் ஏ. இ. வான் வோட் லாஸ் ஏஞ்சல்ஸில் அதன் பணிகளை நடத்தினார். கேம்பல் விரைவிலேயே விலகிக்கொண்டார். முறை மட்டும் வளர்ந்து, 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தேவாலயமாகியது. நினைவுகளைப் பின்னோக்கித் தோண்டும் அமர்வுகளில் சிலர் முற்பிறவிகளைச் சொன்னார்கள், அவற்றுள் சில வேற்றுக் கோள்களில் நடந்தவை. ஹப்பர்ட் அவற்றை ஏற்றுக்கொண்டு ஒரு பேரண்ட வரலாற்றையே கட்டினார். 75 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் செனு என்ற விண்மீன் கூட்டாட்சித் தலைவன் மக்களைப் பூமிக்குக் கொண்டுவந்து எரிமலைகளருகே ஹைட்ரஜன் குண்டுகளால் கொன்றான் என்பது 1967இல் எழுதப்பட்ட உயர்படிப் போதனை. 1985இல் ஒரு வழக்கின் ஆவணங்கள் வழியே அது வெளியே தெரிந்தது. நிறுவனர் ஒருவரே தம் கதைச்சரக்கைச் சமயமாக விற்றார் என்ற எளிய விளக்கம் இங்கே போதாது. அமர்வில் அமர்ந்தவர்களும் அதே இதழ்கள் உலவிய காலத்தின் மக்கள். விண்வெளிப் பிறவிகளை அவர்களுடைய கற்பனையும் சேர்ந்தே தந்தது.

கதையைக் கதையென்று சொல்லிக்கொண்டே சமயமாக்கியவர்கள் அனைத்துலகங்களின் தேவாலயத்தார். ராபர்ட் ஹைன்லைனின் 1961ஆம் ஆண்டு நாவலில், செவ்வாய்க் கோளில் வளர்ந்த மனிதன் பூமிக்கு வந்து ஒரு தேவாலயம் அமைக்கிறான். நீரைப் பகிர்ந்து குடிப்பவர்கள் உறவினராகிறார்கள். மிசௌரி மாநிலக் கல்லூரி மாணவர்களான டிம் ஜெல்லும் லான்ஸ் கிறிஸ்டியும் 1962இல் அதைப் படித்து நீரைப் பகிர்ந்துகொண்டார்கள். 1968இல் அவர்களுடைய அமைப்பு சட்டப்படி பதிவானது. நாவலில் வருவதுபோலவே சிறு குழுக்களுக்குக் ‘கூடு’ என்று பெயர். நாவலோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பூமி முழுவதும் ஓர் உயிர் என்ற தரிசனத்தை ஜெல் 1970இல் பெற்றார். அதன்பின் இயக்கம் செவ்வாயைவிடப் பூமித்தாயின் பக்கமே சாய்ந்தது. தொடக்கத்தில் கதை இல்லாவிட்டால் இந்த வழி திறந்திருக்காது.

பிரான்ஸில் ரயேலியத்தைத் தொடங்கிய கிளாட் வோரிலான், 1973 டிசம்பரில் எரிமலைப் பகுதி ஒன்றில் வேற்றுக்கோள்வாசியைச் சந்தித்ததாகச் சொன்னார். பைபிளின் படைப்பாளர்கள் ஆய்வகத்தில் உயிரைச் செய்த அறிவியலாளர்கள் என்பது அவருடைய போதனை. வானுலகத்தார் பூமிக்கு வந்த கதை அதற்குள் எரிக் வோன் டானிகனின் 1968ஆம் ஆண்டு நூலால் உலகெங்கும் பரவியிருந்தது.

1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் ‘ஹெவன்ஸ் கேட்’ குழுவின் 39 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்கள் சட்டையில் தைத்திருந்த பட்டையில் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் பயணக்குழுப் பெயர் இருந்தது. தொலைக்காட்சிமேல் பழிபோடுவது அப்போது பலருக்கும் எளிதாக இருந்தது. ஆனால் நிறுவனர்களுள் மார்ஷல் ஆப்பிள்வைட் ஒரு பிரெஸ்பிட்டீரியன் போதகரின் மகன். பானி நெட்டில்ஸ் பிரம்மஞான சபையில் இருந்தவர். பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இரண்டு சாட்சிகள் தாங்களே என்று அவர்கள் நம்பினார்கள். உடலை விட்டு உயர்நிலைக்குப் போகும் பழைய ஆவலுக்கு விண்கலம் ஒரு புதிய உரு கொடுத்தது; ஆவல் அதற்கு முன்பே இருந்தது.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சு வாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்யோ என்ற சமய இயக்கத்தைப் பற்றியும் இதே நிதானத்தோடு பேச வேண்டும். தன் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கு அது ‘காஸ்மோ கிளீனர்’ என்று பெயரிட்டது. ‘யமாட்டோ’ என்ற 1970களின் அனிமேஷன் தொடரில் பூமியைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் கருவியின் பெயர் அது. நாகரிகம் குலையும்போது அறிவைக் காக்கும் மறைவான குழு என்ற ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கருத்தும் இயக்கத்தாரைக் கவர்ந்ததாக அதை ஆராய்ந்த செய்தியாளர்கள் எழுதினார்கள். கொலை செய்யும்படி எந்த நாவலும் சொல்லவில்லை. உலக முடிவைப் பற்றிய அச்சமும் குருவிடம் முழு அடைக்கலமும் சேர்ந்த இடத்தில்தான் கதைகள் வன்முறைத் திட்டத்துக்கு அணியாக மாறின.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,127 பேர் தங்கள் சமயம் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ‘ஜெடை’ என்று எழுதினார்கள். பெரும்பாலோருக்கு அது விளையாட்டு. ஆனாலும் அந்தப் படங்கள் சொல்லும் ‘ஆற்றலை’த் தியானிக்கும் சிறு சமூகங்கள் உண்மையாகவே உண்டு. ஆய்வாளர்கள் இத்தகைய சமயங்களைத் தனிவகையாக எண்ணத் தொடங்கினார்கள். கரோல் குசாக் 2010இல் ‘புனையப்பட்ட சமயங்கள்’ என்ற நூலை எழுதினார். ஆடம் பொசமாய், மார்க்கஸ் டேவிட்சன் ஆகியோரும் இதை ஆராய்ந்தார்கள்.

அண்மைய இயக்கங்களில் கவனிக்க வேண்டியது டெராசெம். ஆக்டேவியா பட்லரின் 1993ஆம் ஆண்டு நாவலில், சீரழியும் அமெரிக்காவில் ஓர் இளம்பெண் மாற்றத்தையே கடவுளாகக் கொள்ளும் ‘பூமிவித்து’ என்ற சமயத்தை உருவாக்குகிறாள். அதனால் தூண்டப்பட்டு மார்ட்டீன் ராத்பிளாட்டும் அவருடைய துணைவி பீனாவும் 2004இல் டெராசெமைத் தொடங்கினார்கள். ஒருவரின் நினைவுகளையும் குணங்களையும் கணினியில் சேமித்து வைத்து அவரை மீட்க முடியும் என்பது அதன் நம்பிக்கை. பட்லரின் நாயகி தனிமனிதருக்கு மறுமை எதையும் வாக்களிக்கவில்லை. மனித இனம் விண்மீன்களுக்கிடையே வேரூன்ற வேண்டும் என்பதே அவள் சமயத்தின் இலக்கு. நாவல் தராத மரணமின்மையை அதன் வாசகர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.